இடது ஓரத்து நாற்காலி

ஜாக் வெல்ச்சின் தன்வரலாற்று நூலில் இறந்துபோன ஊழியர் ஒருவர் வருகிறார். பெயர் கிடையாது. சில வரிகளில் வந்து போய்விடுகிறார்.

வெல்ச் 1981 முதல் 2001 வரை ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் தலைவராக இருந்தவர். தன் மேலாளர்கள் ஒவ்வொரு வருடமும் தங்களுக்குக் கீழே வேலை செய்பவர்களை மூன்றாகப் பிரிக்க வேண்டும் என்று விதித்தவர். மேலே 20 சதவீதம், நடுவில் 70, கீழே 10. கீழே இருக்கும் பத்து சதவீதம் பொதுவாக வெளியேற வேண்டும். முதல் வருடம் பெயர் கொடுப்பது எளிது, போகப்போகச் சிரமம் என்று அவரே ஒப்புக்கொள்கிறார். சிரமப்பட்ட மேலாளர்கள் என்னென்ன தந்திரம் செய்தார்கள் என்று சொல்லும் இடத்தில்தான் அந்த மனிதர் வருகிறார். ஒரு பிரிவினர் கீழ்ப் பத்து சதவீதப் பட்டியலில் ஒருவரின் பெயரை எழுதியிருந்தார்கள். அவர் மதிப்பீட்டுக் கூட்டத்துக்கு இரண்டு மாதம் முன்பே இறந்துவிட்டவர்.

வெல்ச்சுக்கு இது மேலாளர்களின் மழுப்பலுக்கு ஓர் உதாரணம். நான் படித்தபோது அந்த மேலாளர்களை எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. 2018 மார்ச்சில் நானும் அப்படி ஒரு பெயரைக் கொடுத்திருந்தேன். நான் கொடுத்த பெயருக்குரியவள் உயிரோடுதான் இருந்தாள், எனக்கு நாலு மேசை தள்ளி. ஆறு மாதம் பிரசவ விடுப்பில் இருந்துவிட்டு வந்தவள்.

அப்போது ஓ.எம்.ஆர். சாலையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் டீம் லீடாக இருந்தேன். படித்தது எம்.எஸ்ஸி. புள்ளியியல். இப்போது ஒரு மகளிர் கல்லூரியில் பி.காம். மாணவிகளுக்கு வணிகப் புள்ளியியல் நடத்துகிறேன். இயல்நிலைப் பரவல் பாடம் வரும்போதெல்லாம் கரும்பலகையில் அந்த மணி வடிவத்தை வரைந்துவிட்டு, இடது ஓரத்தில் அது தரையைத் தொடப்போகும் இடத்தில் ஒரு கணம் என் கை நின்றுவிடும். மாணவிகள் நான் கோட்டை நேராக்கப் பார்க்கிறேன் என்று நினைத்துக்கொள்வார்கள்.

ஐ.டி. நிறுவனங்களில் இதற்கு 'பெல் கர்வ்' என்று பெயர். அப்ரைசல் முடிந்ததும் 'நார்மலைசேஷன் மீட்டிங்' என்று ஒன்று நடக்கும். இயல்பாக்கும் கூட்டம். யாரை, எதை இயல்பாக்குகிறார்கள் என்று தமிழில் யோசித்தால்தான் அந்தச் சொல்லின் விபரீதம் தெரிகிறது. என் குழுவில் பத்துப் பேர். எக்செல் ஷீட்டில் மற்ற குழுக்களின் கடைசிக் கட்டமெல்லாம் நிரம்பியிருந்தது, என்னுடையது மட்டும் காலி.

"உங்க டீம்ல இருந்து ஒரு பேரு இன்னும் வரலையே" என்றார் மேனேஜர்.

"எல்லாருமே நல்லாத்தான் பண்ணியிருக்காங்க."

"அது எனக்கும் தெரியும். ஷீட்டுக்குத் தெரியாதே."

அவர் கெட்டவர் இல்லை. அவருக்கும் மேலே ஒரு ஷீட் இருந்தது.

இந்த வளைவு எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். 1733இல் ஆப்ரஹாம் தெ முவாவர் நாணயச் சுண்டல் கணக்குகளைச் சுலபமாக்கப் போய் இதைக் கண்டார். 1809இல் கௌஸ் வானியல் அளவீடுகளில் வரும் பிழைகளுக்கு இதைப் பொருத்தினார். ஒரே நட்சத்திரத்தைப் பலமுறை அளந்தால் பிழைகள் நடுவில் குவிந்து இருபுறமும் மெலிகின்றன. பெல்ஜியத்தின் கெத்லே இதை மனிதர்கள்மேல் கொண்டுவந்தார். ஸ்காட்லாந்துப் படைவீரர்கள் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோரின் மார்பளவுகளை எடுத்துக்கொண்டு, அவையும் அதே வடிவில் குவிகின்றன என்று காட்டினார். வானியலில் நட்சத்திரம் நிஜம், விலகல் பிழை. கெத்லேயின் கையில் 'சராசரி மனிதன்' நட்சத்திரத்தின் இடத்துக்கு வந்துவிட்டான். அவனிடமிருந்து விலகி நிற்கும் நிஜ மனிதர்கள் பிழையின் இடத்துக்குப் போனார்கள். அந்த மார்பளவுகளுக்கு உரியவர்கள் எல்லோரும் ஆண்கள், அதிலும் சிப்பாய்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆனாலும் கெத்லே முதலில் அளவுகளை எடுத்துக்கொண்டார், பிறகுதான் வளைவைப் பார்த்தார். அளக்கப்பட்டவர்கள் ஆயிரக்கணக்கானவர்கள். அளந்ததும் ஒரே பொருளை, மார்புச் சுற்றளவை. ஒருவனின் மார்பளவு கூடியதால் பக்கத்தில் நிற்பவனின் மார்பளவு குறையவில்லை. சின்னச் சின்னக் காரணங்கள் நிறைய, ஒன்றையொன்று சாராமல் சேரும்போதுதான் இந்த வடிவம் வரும் என்று பாடத்தில் படிக்கிறோம். எங்கள் அலுவலகத்தில் இந்த நிபந்தனைகளில் ஒன்றுகூட இல்லை. பத்துப் பேர், பத்து விதமான வேலை, ஒருவர் மேலே போனால் இன்னொருவர் கீழே இறங்கியாக வேண்டும் என்ற விதி, அளவுகோலாக ஒரு மேலாளரின் அபிப்பிராயம். முக்கியமாக, வளைவு முதலில் வந்துவிட்டது. அளவு அதற்கேற்ப வெட்டப்பட்டது.

வெல்ச்சின் பிரிவினையை எடுத்துக்கொண்டாலும் கணக்கு உதைக்கிறது. இயல்நிலை வளைவு இருபுறமும் சமமானது, அவருடையதோ வலதில் 20, இடதில் 10. சராசரிக்கு 1.28 திட்ட விலக்கம் கீழே கோடு போட்டால் இடப்பக்கம் பத்து சதவீதம் விழும், சரி. ஆனால் அந்தக் கோடு விழும் இடத்தில் வளைவில் பள்ளமோ இடைவெளியோ கிடையாது. கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நிற்கும் இருவரும் ஏறக்குறைய ஒரே மாதிரியானவர்கள். ஒருத்திக்குச் சம்பள உயர்வு, இன்னொருத்திக்கு வேலை போகிறது. இயற்கையில் இல்லாத ஒரு விளிம்பைச் சதவீதம் உண்டாக்கிவிடுகிறது.

இதைவிட அடிப்படையான ஒரு தவறு இருக்கிறது. வகுப்பில் இதைச் செய்து காட்டும்போது மாணவிகள் நிமிர்ந்து உட்காருவார்கள். ஒரு நிறுவனத்தில் 1000 பேர், பத்துப் பத்துப் பேராக 100 குழுக்கள். நிறுவனம் முழுவதிலும் உண்மையிலேயே சரியாக வேலை செய்யாதவர்கள் பத்து சதவீதம், அதாவது 100 பேர் என்றே வைத்துக்கொள்வோம். வெல்ச் சொல்வதை முழுக்க ஏற்றுக்கொண்டாயிற்று. அந்த 100 பேரும் குழுக்களில் தற்செயலாகச் சிதறியிருக்கிறார்கள். ஒரு குழுவில் அப்படிப்பட்டவர் ஒருவர்கூட இல்லாமலிருக்க நிகழ்தகவு என்ன? 0.9ஐப் பத்து முறை பெருக்குங்கள். 0.35. அதாவது 100 குழுக்களில் 35 குழுக்களில் கொடுப்பதற்குப் பெயரே கிடையாது. சரியாக ஒருவர் இருக்கும் குழுக்கள் 39. மீதி 26 குழுக்களில் இரண்டு பேரோ அதற்கு மேலோ. ஒவ்வொரு குழுவும் ஒரு பெயர் தந்தே ஆக வேண்டும் என்றால், மேலாளர்கள் எல்லோரும் நேர்மையின் சிகரமாக இருந்தாலும், ஒரு தவறும் செய்யாத 35 பேரின் பெயர் பட்டியலில் ஏறும். அதே எண்ணிக்கையில் வேறு 35 பேர் வேறு குழுக்களில் தப்பிப்பார்கள். இதற்கு ஈருறுப்புப் பரவல் போதும். அதுவும் இரண்டாம் பருவப் பாடம்தான்.

அந்த 35 குழுக்களில் யாருடைய பெயர் ஏறும்? இதற்குக் கணிதம் பதில் சொல்லாது, அலுவலகம் சொல்லும். வெல்ச்சின் நூலிலும் அதற்குப் பதில் இருக்கிறது, அவர் உத்தேசிக்காமலே. ஓய்வுபெறப் போகிறவர், ஏற்கெனவே போகச் சொல்லப்பட்டவர், இறந்துபோனவர். அறையில் இல்லாதவர்கள். பெயர் தேடும் மேலாளர் எதிர்ப்பு எங்கே குறைவோ அங்கேதான் கை வைப்பார். அப்படிப் பார்த்தால், பச்சை உடம்போடு திரும்பிவந்து, ஐந்தரை மணிக்குக் கேப் பிடித்து, குழந்தையை அம்மாவிடமிருந்து வாங்கிக்கொள்ள ஓடுகிறவளைவிட வசதியான பெயர் எது? 2009இல் மனிதவள மேலாளர்களின் மாநாடு ஒன்றில் வெல்ச் வெளிப்படையாகவே பேசினார். வேலைக்கும் வாழ்க்கைக்கும் சமநிலை என்று ஒன்றில்லை, தேர்வுகள்தான் உண்டு, தேர்வுகளுக்கு விளைவுகள் உண்டு என்றார். நெருக்கடியான நேரத்தில் இடத்தில் இல்லாதவர்கள் பதவி உயர்வைத் தவறவிடக்கூடும் என்பதும் அந்தப் பேச்சில் வந்தது.

2017 ஏப்ரலில் மகப்பேறு விடுப்பு 26 வாரமாக உயர்ந்தது. அவள் அந்த முதல் வருடத்திலேயே விடுப்பெடுத்தவள். சட்டம் அரை வருடம் வீட்டிலிருக்க அனுமதித்தது, அப்ரைசல் ஷீட் முழு வருடத்தை எண்ணியது. எண்களைச் சுலபமாக்கிச் சொல்கிறேன். குழுவில் ஒருவர் வருடத்துக்குச் சராசரியாக 480 டிக்கெட் முடித்தார்கள், திட்ட விலக்கம் 60. அவள் பெயரில் இருந்தது 240. இசட் மதிப்பு கழித்தல் 4. இயல்நிலைப் பரவலில் ஒருவர் அவ்வளவு கீழே விழுவதற்கான வாய்ப்பு லட்சத்தில் மூன்று. கழித்தல் 4 என்று விடை வந்தால் என் மாணவிகள் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிக்கொடுத்திருக்கிறேன்: பேனாவைக் கீழே வை, தரவைத் திரும்பப் பார், அது அந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததுதானா என்று கேள். 240ஐ அவள் வேலை செய்த ஆறு மாதத்தால் வகுத்தால் மாதத்துக்கு 40. மற்றவர்களுக்கு 480ஐப் பன்னிரண்டால் வகுத்தாலும் 40. இசட் மதிப்பு பூஜ்யம். வளைவின் நட்டநடு உச்சியில் நிற்க வேண்டியவள் அவள்.

எனக்கு இது அன்றைக்கே தெரியும். கணக்குப் போட்டும் பார்த்தேன். போட்ட காகிதத்தைக் கூட்டத்துக்கு எடுத்துப்போகவில்லை. என் சொந்தப் பதவி உயர்வு அந்த வருடம் நிலுவையில் இருந்தது என்பதைத் தவிர வேறு காரணம் எதையும் இங்கே ஜோடிக்க விரும்பவில்லை. அவளுக்கு அந்த வருடம் ஹைக் இல்லை, பி.ஐ.பி.யில் போட்டார்கள், ஜூனில் ராஜினாமா செய்தாள்.

பெண்ணின் அளவை என்ன செய்வது என்று இந்தத் துறைக்கு ஆரம்பத்திலிருந்தே குழப்பம்தான். பிரான்சிஸ் கால்டன் 1886இல் பெற்றோர்-பிள்ளைகள் உயரத்தைப் பற்றி எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் 205 பெற்றோரின் 928 வளர்ந்த பிள்ளைகள் வருகிறார்கள். அதிலிருந்துதான் 'பின்னடைவு' என்ற கருத்தே புள்ளியியலுக்குள் வந்தது. அவர் பெண்களின் உயரங்களையெல்லாம் 1.08ஆல் பெருக்கி ஆண்களின் உயரத்துக்கு மாற்றிக்கொண்டார். அம்மாவும் மகளும் ஆணளவுக்கு இழுக்கப்பட்ட பிறகே கணக்குக்குள் அனுமதி. 'இனமேம்பாட்டியல்' என்ற சொல்லை உருவாக்கியவரும் அதே கால்டன்தான். யார் பிள்ளை பெறலாம், யார் கூடாது என்பதைப் பரவலின் ஓரங்களை வைத்துத் தீர்மானிக்கத் துணிந்த சிந்தனை அது. எனக்கு அவர்மேல் மரியாதை கிடையாது. ஆனால் இரண்டு வேறு கூட்டங்களை அப்படியே கலக்கக்கூடாது, கலப்பதற்கு முன் ஒரு திருத்தம் வேண்டும் என்பதாவது அவருக்குத் தெரிந்திருந்தது. எங்கள் அலுவலகம் அந்த 1.08ஐக்கூடப் பெருக்கவில்லை.

இதையெல்லாம் சொன்னால், எண்களே ஆண்களின் ஆயுதம்தான், நமக்கெதற்கு என்று சில தோழிகள் சொல்கிறார்கள். என்னால் அதில் சேர முடியவில்லை. போன வருடம் என் வகுப்பில் ஒரு மாணவியின் அம்மா வீட்டில் இட்லி மாவு அரைத்து விற்கிறவர். மீந்தால் புளித்துப்போகும், பற்றாவிட்டால் வாடிக்கை அடுத்த தெருவுக்குப் போய்விடும். மாணவி மூன்று மாத விற்பனையை நோட்டில் எழுதி எடுத்துவந்தாள். நாளுக்குச் சராசரி 60 பாக்கெட், திட்ட விலக்கம் 8. படம் போட்டுப் பார்த்தோம், அழகாக மணி மாதிரியே வந்தது. வர வேண்டியதுதானே. எத்தனையோ வீடுகள், ஒவ்வொரு வீடும் தனித்தனியாக இன்றைக்கு மாவு வாங்கலாமா என்று முடிவெடுக்கிறது. 73 பாக்கெட் போட்டால் இருபது நாளில் பத்தொன்பது நாள் யாரும் வெறுங்கையோடு திரும்பமாட்டார்கள் என்று கணக்கு வந்தது. அதுவரை அந்த அம்மா பயந்துகொண்டு தினமும் 90 போட்டுக்கொண்டிருந்தார்.

அவர் மகளிடம் முதலிலேயே ஒன்று சொல்லியிருந்தாராம்: "ஞாயித்துக்கிழமைய இதுல சேக்காத. அது வேற கணக்கு." பள்ளிப்படிப்பை எட்டாம் வகுப்போடு நிறுத்தியவர். ஞாயிற்றுக்கிழமையையும் செவ்வாய்க்கிழமையையும் ஒரே சராசரியில் போட்டுக் குழப்பக்கூடாது என்று அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

வெல்ச்சின் முறை இப்போது மதிப்பிழந்துவிட்டது என்பார்கள். மைக்ரோசாஃப்ட் 2013இல் இதைக் கைவிட்டது, ஜெனரல் எலக்ட்ரிக்கே பின்னாளில் விலகியது. மனிதர்களின் வேலைத்திறன் மணி வடிவில் பரவுவதே இல்லை என்று ஓபாயில், அகினிஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 2012இல் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் தரவை வைத்து வாதிட்டிருக்கிறார்கள். அவர்கள் பார்த்தது ஆராய்ச்சியாளர்கள், கலைஞர்கள், அரசியல்வாதிகள், விளையாட்டு வீரர்களை. டிக்கெட் மூடுகிறவர்களுக்கு அது அப்படியே பொருந்துமா என்று எனக்கு ஐயம் உண்டு. எது எப்படியானாலும் பெயர்தான் மாறுகிறது. பட்ஜெட் இவ்வளவுதான், உங்கள் குழுவில் யாரைக் குறைப்பது என்ற கேள்வி வேறு ஷீட்டில் வருகிறது. எதிர்த்து நின்றவர்களும் இருக்கிறார்கள். 2015 ஜனவரியில், ஐ.டி. நிறுவனம் ஒன்று பணிநீக்கம் செய்த கர்ப்பிணி ஊழியர் ஒருவர் சென்னை உயர்நீதிமன்றத்துக்குப் போய் இடைக்காலத் தடை வாங்கினார். அந்தச் செய்தியை நாங்கள் கேன்டீனில் தணிந்த குரலில் பேசிக்கொண்டது நினைவிருக்கிறது. அவளும் அன்று கூட இருந்தாள்.

எங்கள் பாடநூல்களின்மேலும் எனக்கு ஒரு வழக்கு உண்டு. 'ஒரு தொழிற்சாலையில் 1000 தொழிலாளர்களின் ஊதியம் இயல்நிலைப் பரவலைப் பின்பற்றுகிறது எனக் கொள்க' என்கிற பாணியில்தான் ஒவ்வொரு கணக்கும் தொடங்குகிறது. ஊதியம் அப்படிப் பரவுவதே இல்லை. கீழே கூட்டமாகவும் மேலே நீண்ட வாலாகவும்தான் இருக்கும். கூட்டுகிற பெண்ணின் சம்பளமும் மேலாளரின் சம்பளமும் ஒரே தொழிற்சாலைக்குள் இருப்பவைதான். ஆனாலும் கொள்க. மூன்று வருடம் கொள்க, கொள்க என்று கேட்டுப் பழகிய பெண் அலுவலகத்துக்குப் போனதும் மேனேஜர் ஒரு வளைவை நீட்டினால் அதையும் கொள்கிறாள். நான் கொண்டதும் அப்படித்தான். அதனால் இப்போதெல்லாம் உள்மதிப்பீட்டுத் தேர்வில் கணக்குக்குக் கீழே ஒரு துணைக்கேள்வி சேர்க்கிறேன்: 'அவ்வாறு கொள்ளலாமா? ஏன்?' இரண்டு மதிப்பெண். பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். பல்கலைக்கழகத் தேர்வில் வராது என்று அவர்களுக்குத் தெரியும்.

இந்தக் கட்டுரையை அச்சுக்குக் கொடுக்குமுன் அவளுக்கு அனுப்பினேன். ஐந்து வருடமாகப் பேச்சில்லை. அனுப்பாமல் பதிப்பிப்பது இன்னொரு முறை அவளைக் கேட்காமல் அவள் பெயரை எழுதுவதாக இருக்கும் என்று தோன்றியது. நாலு நாள் கழித்து வாட்ஸப்பில் பதில் வந்தது.

"அக்கா, படிச்சேன். போட்டுக்கோங்க. ஒரு திருத்தம் மட்டும். 240 தப்பு. பாப்பா பொறந்து அம்பதாவது நாள்ல இருந்து மூணு வாரம், அந்த ரிலீஸுக்காக ராத்திரி ராத்திரி உட்கார்ந்தேன். நீங்கதான் கேட்டீங்க. லீவுல இருந்ததால என் லாகின் வேலை செய்யல, உங்களோடது கொடுத்தீங்க. அந்த டிக்கெட் எல்லாம் உங்க பேர்லதான் க்ளோஸ் ஆகியிருக்கும்."

மறந்தே போயிருந்தேன். அந்த வருடம் என் குழுவின் எண்ணிக்கையில் முதலிடம் என்னுடையது.